பக்கத்து மாடியின் பார்வையைத் தடுக்க என்ன மரம் வைக்கலாம்?

நகரத்து வீட்டுமனைகளில் மரம் வைக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் நர்சரிக்குப் போய், கண்ணுக்குப் பிடித்த கன்றை வாங்கி வந்த பிறகே அதற்கு இடம் தேடுகிறார்கள். மறைப்புக்காக மரம் வைப்பதென்றால், இடத்தையும் தேவையான உயரத்தையும் முடிவு செய்த பின்னரே கன்றைத் தேட வேண்டும்.

உயரத்தைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. நீங்கள் வழக்கமாக உட்காரும் பின்கட்டுத் திண்ணையிலோ சமையலறை ஜன்னல் அருகிலோ அமர்ந்துகொண்டு, வீட்டில் ஒருவரைச் சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு துரட்டிக்கோலை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பக்கத்து மாடி ஜன்னலின் மேல்விளிம்பைக் கோலின் எந்த இடம் தொடுகிறதோ அதுவே மரத்துக்குத் தேவையான உயரம். இருபது அடி உயரத்து ஜன்னல் உங்களிடமிருந்து முப்பது அடி தள்ளியிருந்து, மரம் பத்தடி தொலைவில் நின்றால், ஒன்பது பத்தடி உயரமே போதும். நாற்பது அடி வளரும் மரத்தை நட்டுவிட்டுப் பிறகு ஆண்டுதோறும் ஆள் வைத்து வெட்டுகிற செலவு இந்த ஒரு சோதனையிலேயே மிச்சமாகிவிடும்.

மூன்று முதல் ஐந்தடி வரையுள்ள பக்கவாட்டு இடத்துக்குத் தமிழ்நாட்டில் அதிகம் நடப்படுவது நெட்டிலிங்கம். கிளைகள் கீழ்நோக்கித் தொங்கி, கூம்பு போல் ஒடுங்கி வளரும் வகையையே கேட்டு வாங்க வேண்டும். கிளை பரப்பி வளரும் வகையும் உண்டு, அது இந்த இடத்துக்கு ஆகாது. சில நர்சரிகளில் இதையே அசோகமரம் என்று விற்கிறார்கள். செம்மஞ்சள் பூங்கொத்து விடும் அசோகம் வேறு மரம். அதற்கு ஈரமும் ஓரளவு நிழலும் வேண்டும். நெட்டிலிங்கத்தைச் சுவரை ஒட்டாமல் சற்றுத் தள்ளி, கன்றுக்குக் கன்று நான்கைந்தடி இடைவெளியில் நடலாம். வெயில் படாத பக்கத்தில் அடிக்கிளைகள் காய்ந்து, மறைப்பு தேவைப்படுகிற உயரத்திலேயே வெறும் தண்டு தெரியும் என்பதால், நிழலான மூலைக்கு இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பழக்காலத்தில் வௌவால்கள் வந்து கொட்டைகளை இறைத்துவிட்டுப் போகும். மரத்தடியில் கார் நிறுத்துகிறவர்கள் இதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

பத்தடிக்குள் போதுமென்றால் நந்தியாவட்டை, செம்பருத்தி, மருதாணி ஆகியவற்றை நெருக்கி நட்டு உயிர்வேலியாக வளர்க்கலாம். மூன்றும் கத்தரிப்பைத் தாங்கும். முதல் இரண்டும் பூஜைக்குப் பூவும் தரும். பவளமல்லியின் மணத்துக்கு ஈடில்லை, ஆனால் கோடையில் இலை உதிர்ப்பதால் மறைப்புக்கு அதை மட்டும் நம்ப முடியாது. மகிழம் மெதுவாக வளர்ந்தாலும் ஆண்டு முழுவதும் அடர்ந்த இலையோடு நிற்பதால், பொறுமை உள்ளவர்களுக்கு அதைவிடச் சிறந்த மரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அரளியும் மஞ்சள் அரளியும் வறட்சியைத் தாங்கினாலும் எல்லாப் பாகமும் நஞ்சு. சிறு குழந்தைகளோ ஆடுமாடுகளோ உள்ள வீட்டில் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

விரைவில் வளரும் என்று பரிந்துரைக்கப்படும் கோனோகார்பஸை வாங்க வேண்டாம். அதன் வேர்கள் குடிநீர்க் குழாய்களையும் கழிவுநீர்க் குழாய்களையும் தேடிச் செல்கின்றன என்பதாலும், மகரந்தம் ஒவ்வாமையை உண்டாக்குகிறது என்பதாலும் குஜராத் அரசு 2023-இலும் தமிழ்நாடு அரசு 2025-இலும் அதை நடத் தடை விதித்தன. ஆல், அரசு இனங்களும் சுவரோரத்துக்கு உதவா. மயில்கொன்றை, தூங்குமூஞ்சி போன்றவை அகன்ற இடத்தில் அழகுதான். ஆனால் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது வேரோடு சாய்ந்தவற்றில் இவை ஏராளம்.

கன்றை வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காமல் பையின் அடியைப் பாருங்கள். துளை வழியாகத் தடித்த வேர் வெளியே வந்திருந்தால், உள்ளே வேர்கள் பையைச் சுற்றிச் சுருண்டிருக்கும். அப்படிப்பட்ட கன்று நட்ட பிறகும் அந்தச் சுருளிலேயே சிக்கி, பலத்த காற்றில் எளிதில் சாயும். இரண்டடி உயரமுள்ள, தண்டு தடித்த கன்று, ஆறடி உயர ஒல்லிக் கன்றைவிட மேலானது.

வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள மாவட்டங்களில் செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரை நடுவது ஏற்றது. இரண்டடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரத்தையும், கரையான் தொல்லை உள்ள இடமென்றால் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கையும் கலந்து நிரப்ப வேண்டும். மனை புதிதாகக் கட்டியதென்றால் குழியில் கிடைக்கும் சிமெண்ட் கட்டி, செங்கல் உடைசல் அனைத்தையும் அகற்றிவிடுங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நட வேண்டும். தண்டை மண்ணில் புதைத்தால் அது அழுகும்.

முதல் கோடைதான் கன்றுக்குச் சோதனை. தினமும் குழாயால் மேலே தெளிப்பதைவிட, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாத்தி நிறையத் தண்ணீர் விட்டால் வேர் ஆழத்தில் இறங்கும். காய்ந்த இலைகளைப் பாத்தியில் மூடாக்காகப் பரப்புங்கள். ஆனால் அவை தண்டைத் தொட வேண்டாம். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால், முதலில் பாதித்த நுனிகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

கவாத்தை மழைக்கு முன்பு, ஆகஸ்டு வாக்கில் முடித்துவிடுங்கள். நெட்டிலிங்கம் வேண்டிய உயரத்தை எட்டியதும் நுனியை வெட்டினால் பக்கவாட்டில் அடர்ந்து வரும். கனத்த கிளையை ஒரே வெட்டில் மேலிருந்து அறுத்தால், அது விழும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். முதலில் தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்கி, மிஞ்சிய துண்டைத் தண்டோடு சேரும் புடைப்புக்கு வெளியே நறுக்க வேண்டும். மின்கம்பியை ஒட்டிய கிளையாக இருந்தால் அரிவாளைக் கையில் எடுக்கும் முன் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி இணைப்பை நிறுத்தச் செய்யுங்கள்.