முட்டி வலியோடு சென்னை பஸ்ஸில் போவது எப்படி?

மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சொன்னதும் பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோவுக்கு மாறினேன். மூன்றே மாதத்தில் பர்ஸும் சேர்ந்து தேய்ந்துவிட்டது. அப்புறம் பஸ்ஸுக்கே திரும்பினேன், ஆனால் பழைய மாதிரி ஓடிப்போய் ஏறுவதில்லை.

முதலில் நேரம். காலையில் எழுந்ததும் மூட்டு இறுகித்தான் இருக்கும். தேய்மானம் என்றால் பெரும்பாலும் அரை மணிக்குள் தளர்ந்துவிடும், முடக்குவாதக்காரர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதனால் வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் நடந்து காலைப் பழக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து எந்த பஸ் என்பது. 2024இல் மாநகரப் போக்குவரத்துக் கழகம் தாழ்தளப் பேருந்துகளைத் திரும்பக் கொண்டுவந்தது, வாசலில் படியே கிடையாது. உங்கள் வழித்தடத்தில் அது வருமென்றால் பத்து நிமிடம் கூடுதலாக நின்றாலும் தப்பில்லை, சென்னை பஸ் ஆப்பில் வண்டி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டு நிழலில் உட்காரலாம். 60 வயது ஆகிவிட்டதா? பஸ்ஸில் போக மாதம் 10 இலவசப் பயண டோக்கன் உண்டு, வாங்கிவிடுங்கள்.

சாதா பஸ்தான் கிடைத்தது என்றால் ஏறும் விதம் முக்கியம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைத்தடியை வலிக்கிற முட்டிக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும், நானே ரொம்ப நாள் மாற்றித்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். விரல் மூட்டிலும் வலி இருப்பவர்கள் கம்பியை இறுக்கிப் பிடிக்காமல் முழங்கையை மடக்கி அதைச் சுற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், டிரைவர் பிரேக் போட்டாலும் பாரம் கையின் மேல்பகுதி தாங்கும்.

கடைசி சீட் மட்டும் வேண்டாம், ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கிப் போடும். பஸ்ஸுக்குள் நடக்கிற நடுவழியை ஒட்டிய சீட் கிடைத்தால் காலை நீட்டி மடக்கலாம். டிக்கெட் வாங்கும்போதே, “முட்டி வலி, மெதுவாத்தான் இறங்குவேன், விசில் அடிச்சிடாதீங்க” என்று கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள். இதில் கூச்சப்பட்டு ஒருமுறை ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்து ஒரு வாரம் படுத்தவன் நான்.

மெட்ரோவில் லிஃப்ட் உண்டு, ஆனால் எல்லா நுழைவாயிலிலும் இருக்காது. வாசல் காவலாளியிடம் லிஃப்ட் எந்தப் பக்கம் என்று கேட்காமல் முதல் படியில் கால் வைக்காதீர்கள், பாதி ஏறிய பிறகு தெரிந்தால் இறங்கவும் முடியாது.