வீட்டிலேயே வாட்டர் பிளாக்: கணினிக்கான செம்புக் கட்டையை வடிவமைத்தல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோடைக்காலத்தில் அறையின் வெப்பமே 30 பாகையை எட்டிவிடுகிறது. ஜோஹானஸ்பர்க்கில் காற்று குளிர்ந்திருந்தாலும், 1,700 மீட்டருக்கு மேலான உயரத்தில் அதன் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், கணினியின் அதே விசிறி அங்கே குறைவான வெப்பத்தையே அகற்றும். நீர்க்குளிர்விப்பில் நீரின் சூட்டைக் காற்றில் ஆற்றும் பெரிய ரேடியேட்டரைக் கணினிப் பெட்டிக்கு வெளியிலும் வைத்துக்கொள்ளலாம் என்பதால், இரண்டு ஊர்களுக்கும் அது பொருந்தும். அதன் உறுப்புகளில் வீட்டில் செய்யத் தகுந்தது, செயலியின் மேல் பொருந்தி அதன் வெப்பத்தை உள்ளே ஓடும் நீருக்குக் கடத்தும் செம்புக் கட்டையான வாட்டர் பிளாக் ஒன்றுதான். ரேடியேட்டரையும் பம்பையும் விலைக்கு வாங்குவதே நல்லது.

வடிவமைக்கும்போது கட்டைக்குள் எவ்வளவு நீர் நிற்கும் என்று பார்க்க வேண்டியதில்லை. செயலிக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு பரப்பில், எவ்வளவு வேகமாக நீர் செம்பைத் தொடுகிறது என்பதே முக்கியம். 200 வாட் வெப்பம் 30 மி.மீ. சதுரப் பரப்பின் வழியே ஏறுவதாகக் கொள்வோம். 3 மி.மீ. தடிமனுள்ள செம்பு அடித்தளத்தைக் கடப்பதில் ஏறத்தாழ 1.7 பாகை வீணாகும். அதே தடிமனில் 6061 வகை அலுமினியம் என்றால் 4 பாகை வீணாகும். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் நீரோ அந்த 200 வாட்டை ஏற்றுக்கொண்டும் 0.7 பாகைதான் சூடேறும். அதனால் நீரின் அளவைக் கூட்டுவதில் பெரிய ஆதாயமில்லை. உண்மையான தடை, உலோகத்தை ஒட்டி ஏறக்குறைய அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலமே. அதை வெல்லத்தான் துடுப்புகள், அதாவது செம்பில் வரிசையாக வெட்டும் மெல்லிய சுவர்கள், தேவைப்படுகின்றன. 1 மி.மீ. துடுப்பு, 1 மி.மீ. இடைவெளி, 4 மி.மீ. ஆழம் என்று வெட்டினால், 9 சதுர செ.மீ. பரப்பு சுமார் 40 சதுர செ.மீ. ஆகிவிடும், ஓடும் வழி குறுகுவதால் நீரின் வேகமும் கூடும்.

மின்சாரப் பலகைகளில் மின்னோட்டத்தைக் கடத்தும் பட்டையான பஸ்பாரின் செம்பு மிகத் தூய்மையானது. 8 அல்லது 10 மி.மீ. தடிமனுள்ள துண்டு போதும். பழைய உலோகக் கடையில் வாங்குவதானால் பதிவு பெற்ற கடையில் ரசீதுடன் வாங்குங்கள். செம்புக் கம்பித் திருட்டினால் தெருத்தெருவாக இருளில் மூழ்கும் நாட்டில், எங்கிருந்து வந்தது என்று தெரியாத செம்பைத் தொடவே கூடாது.

துடுப்புகளை மில்லிங் இயந்திரத்தில் வட்ட ரம்பத்தால் வெட்டுவது சிறப்பு. இயந்திரம் கிடைக்காவிட்டால், இரும்பறுக்கும் ரம்பத்துக்கு இருபுறமும் எஃகுப் பட்டையை வழிகாட்டியாக இறுக்கிக்கொண்டு கையாலும் அறுக்கலாம். அந்த ரம்பம் ஏறத்தாழ 1 மி.மீ. அகலமுள்ள பள்ளத்தையே உண்டாக்கும். கையால் அறுக்கும் பள்ளம் கட்டையின் விளிம்பு வரை ஓடும் என்பதால், துடுப்புள்ள துண்டைத் தனியே அறுத்து, நடுவே குழி தோண்டிய மூடிக்குள் அது பொருந்துமாறு திட்டமிட வேண்டும். அத்துண்டைச் சுற்றி, நீர் கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்துக்கு 6 மி.மீ. அகலச் சமதளம் தேவை. அகலமான அடித்தகட்டின் மீது துண்டை ஈயப்பற்று வைத்து ஒட்டுவது ஒரு வழி. பற்று இடைவெளியின்றிப் பரவினால் இழப்பு சிறிதே. செம்பு கருவியில் ஒட்டிக்கொள்ளும் உலோகமாதலால் எண்ணெய் தாராளமாக விட்டு, மெதுவாக வெட்டுங்கள்.

மூடிக்கு 12 மி.மீ. பாலிகார்பனேட் அல்லது அசிட்டால் பிளாஸ்டிக் பொருந்தும். அக்ரிலிக்கும் ஆகும், ஆனால் ஆல்கஹால் பட்டால் அது விரிசல் விடும். உள்வழி செயலியின் நடுப்பகுதிக்கு நேர் மேலே அமைந்து, நீர் துடுப்புகளின் மீது நேராக மோதி இருபுறமும் பிரிந்தோட வேண்டும். ஒரு முனையில் புகுந்து மறுமுனையில் வெளியேறும் அமைப்பைவிட இது எனக்கு எப்போதும் மேலானதாகப் படுகிறது. இணைப்புகளுக்கான ஜி கால் அங்குல (G1/4) மரைக்கு 11.8 மி.மீ. துளை இடுங்கள். 2 மி.மீ. ஓ-ரிங்குக்கு 1.5 மி.மீ. ஆழமும் ஏறத்தாழ 2.6 மி.மீ. அகலமும் உள்ள பள்ளம் வெட்டினால், ரப்பர் கால் பங்கு நசுங்கி நீரை அடைக்கும்.

அடிப்பரப்பைத் தடித்த கண்ணாடியின் மேல் விரித்த உப்புத்தாளில் 400, 800, 1200 என்ற வரிசையில் தேயுங்கள். பளபளப்பைவிடச் சமதளமே முக்கியம். பொருத்தும் துளைகளின் இடைவெளி இன்டெல் செயலிகளின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கு 78 மி.மீ. சதுரம், ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 54-க்கு 90 மி.மீ. ஸ்க்ரூக்களுக்குச் சுருள்வில் போட்டால் அழுத்தம் நான்கு மூலைகளிலும் ஒரே சீராக இருக்கும்.

ரேடியேட்டர் அலுமினியமாக இருக்கவே கூடாது. ஒரே நீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டுவிடும். பம்ப் கணினியின் சொந்த மின்வழங்கியிலிருந்து 12 வோல்ட்டில் ஓடட்டும். மீன்தொட்டிப் பம்பைச் சுவரிலுள்ள 230 வோல்ட் மின்னிணைப்பில் மாட்டினால், மின்வெட்டு நேரத்தில் யுபிஎஸ் தாங்கும் கணினி ஓடிக்கொண்டிருக்க, பம்ப் மட்டும் நின்றுவிடும்.

கணினியில் பொருத்துமுன் கட்டையையும் குழாய்களையும் மேசைமேல் இணைத்து, காய்ச்சி வடித்த நீரை ஒரு முழு நாள் ஓட விடுங்கள். ஒவ்வொரு இணைப்பின் கீழும் காகிதக் கைக்குட்டை வைத்து, ஒரு துளி ஈரம் தெரிந்தாலும் பிரித்து ஓ-ரிங்கின் பள்ளத்தை மீண்டும் அளந்து பாருங்கள்.