எண்ணிக்கைக்குப் பின்னால் ஓடும் மருத்துவ முகாம்கள்: வெளிநாட்டுக் குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்யப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வசதி குறைந்த நாடுகளுக்குப் போய்க் குழந்தைகளுக்கு இலவசமாகப் பல் சிகிச்சையும் அறுவை சிகிச்சையும் செய்துவிட்டு வரும் குழுக்களின் அறிக்கைகளைப் படித்துப் பாருங்கள். முதல் வரியே எண்ணிக்கையாகத்தான் இருக்கும். இத்தனை குழந்தைகள், இத்தனை பற்கள், இத்தனை பிளந்த உதடுகள். மூன்று மாதம் கழித்து அந்தக் குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்ற வரியைத் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. இந்த முகாம்களில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த எண்ணிக்கை ஆசையில்தான் தொடங்குகின்றன என்பது என் கருத்து.

தேவை பெரியது என்பதில் சந்தேகமில்லை. பாதுகாப்பான, கைக்கெட்டும் செலவிலான அறுவை சிகிச்சை உலகில் 500 கோடிப் பேருக்குக் கிடைப்பதில்லை என்று 2015இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் கணக்கிட்டது. 50 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளின் பால் பற்களில் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. இந்தக் கடலில் ஒரு வார முகாமின் எண்ணிக்கை எந்த மூலைக்கு? ஆகவே எத்தனை பேருக்குச் செய்தோம் என்பதைவிட, செய்ததை ஒழுங்காகச் செய்தோமா, நாம் கிளம்பிய பிறகு அந்தக் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்பவையே முக்கியம்.

பால் பல் என்று நினைத்துப் பிடுங்குவது

பல் முகாம்களில் அதிகம் நடப்பது பல் பிடுங்குவதுதான். மின்சாரம் வேண்டாம், ஓர் ஊசி, ஒரு குறடு, சில நிமிடங்கள் போதும். வலியால் இரவெல்லாம் தூங்காத குழந்தைக்கு அது நல்ல சிகிச்சையும்கூட. சிக்கல் வருவது ஆறு வயதுவாக்கில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லில். எந்தப் பால் பல்லும் விழாமலேயே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் அது முளைத்துவிடும். அதனால் 'விழுந்து முளைக்கிற பல்தானே' என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். குழிகள் ஆழமாக இருப்பதால் சொத்தையும் அதில் சீக்கிரம் பிடிக்கும். வாசலில் வரிசை நீண்டிருக்க, அதை அடைத்துக் காப்பாற்றுவதைவிட எடுத்துவிடுவதே சுலபம் என்று மருத்துவரும் முடிவெடுத்தால், ஏழு வயதுக் குழந்தை ஆயுள் முழுக்க மெல்ல வேண்டிய பல்லை இழந்துவிடும். அது மறுபடி முளைக்காது.

மாற்று வழி இல்லாமலில்லை. சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி எடுத்துவிட்டு கிளாஸ் அயனோமர் சிமென்ட்டால் அடைக்கும் ஏ.ஆர்.டி. முறை, 1980களின் நடுவில் தான்சானியாவில் உருவானது. டிரில் வேண்டாம், கரண்ட் வேண்டாம், பெரும்பாலும் ஊசியும் வேண்டாம். சொத்தை மேலும் பரவாமல் நிறுத்த சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற திரவம் இருக்கிறது. சிறு தூரிகையால் தொட்டு வைத்தால் போதும். இந்தச் சிமென்ட், இந்தத் திரவம் இரண்டையுமே உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் அந்தத் திரவம் பட்ட சொத்தை கன்னங்கரேலென்று கறுத்துவிடும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு சிறுமியின் முன்பல்லில் தடவிவிட்டு வந்தால், 'வெளிநாட்டு டாக்டர் பல்லைக் கருக்கிவிட்டார்' என்ற பேச்சுதான் அந்த ஊரில் மிஞ்சும். அடுத்த முகாமுக்கு ஆள் வராது. வராதவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும். கறுத்த பல்லின் படத்தை முதலில் காட்டுங்கள். பெற்றோர் சரி என்ற பிறகு தடவுங்கள்.

மரத்துப்போக ஊசி போடும்போது வயதைக் கேட்டு அளவைத் தீர்மானிப்பது இன்னொரு ஆபத்து. சத்துக்குறைவால் மெலிந்த எட்டு வயதுக் குழந்தை, நாம் வழக்கமாகப் பார்க்கும் ஐந்து வயதுக் குழந்தையைவிடக் குறைவான எடையில் இருக்கலாம். லிடோகெயின் என்ற மரப்பு மருந்துக்குக் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்பது குழந்தைப் பல் மருத்துவத்தில் சொல்லப்படும் உச்ச வரம்பு. 15 கிலோ குழந்தைக்கு அது 66 மில்லிகிராம். 2 சதவீத மருந்தின் 1.8 மி.லி. கார்ட்ரிட்ஜில் (ஊசியில் பொருத்தும் மருந்துக் குப்பி) 36 மில்லிகிராம் இருக்கிறது. இரண்டு போட்டால் வரம்பு தாண்டிவிடும். நன்கொடையாக வந்த பெட்டியில் 2.2 மி.லி. கார்ட்ரிட்ஜ் இருந்தால் ஒன்றரைக்கு மேல் கூடாது. எடை பார்க்கும் இயந்திரம் இல்லாமல் பல் முகாமைத் தொடங்கவே கூடாது. ஊசி போட்ட பிறகு உதடு சில மணி நேரம் மரத்திருக்கும், குழந்தை அதைக் கடித்துக் குதறிவிடக்கூடும் என்பதையும் அம்மாவிடம் சொல்லி அனுப்ப வேண்டும். சொல்லாவிட்டால் மறுநாள் வீங்கிய உதட்டோடு அவர் திரும்பி வருவார், அல்லது வராமலே பயந்துபோய் உட்கார்ந்திருப்பார்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் காரணம் என்று நம்பி, கைக்குழந்தையின் ஈறுக்குள் இருக்கும் கோரைப்பல் முளையைத் தோண்டி எடுக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பல் இல்லாத குழந்தையைப் பார்த்ததும் தாயைத் திட்டும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். திட்டு வாங்கியவர் அடுத்த குழந்தைக்கும் அதையே செய்வார். உங்களிடம் மட்டும் காட்ட மாட்டார்.

கடைசி நாளில் அண்ணப்பிளவு

அறுவை சிகிச்சை முகாம்களில் அதிகம் செய்யப்படுவது உதட்டுப் பிளவும் அண்ணப்பிளவும் (வாயின் மேற்கூரை பிளந்திருப்பது). இரண்டும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல. உதட்டைத் தைத்தால் மாற்றம் உடனே கண்ணில் படும், புகைப்படத்துக்கும் எடுப்பாக இருக்கும். வாய்க்குள் இருக்கும் அண்ணத்தை மூடுவது அப்படியல்ல. அறுவைக்குப் பின் முதல் ஒரு நாளில் ரத்தம் கசியலாம், வீக்கத்தால் மூச்சு முட்டலாம். விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் அண்ணப்பிளவு கேஸ் எடுப்பதைத் தவறு என்பதைவிடப் பொறுப்பின்மை என்றே சொல்வேன். சிக்கலான கேஸ்களை முதல் நாட்களில் முடித்துவிட்டு, கடைசி நாட்களை வார்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு ஒதுக்க வேண்டும். குழு கிளம்பினாலும், ரத்தக் கசிவை நிறுத்தத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

தையல் பிரிந்து அண்ணத்தில் ஓட்டை விழுவதும் உண்டு. அது தெரிய நாட்கள் ஆகும். குடித்த பால் மூக்கு வழியாக வரும். இதை யாரிடம் காட்டுவது என்று தெரியாத குடும்பம், குழந்தைக்கு இதுதான் விதி என்று விட்டுவிடும். தவிர, அண்ணத்தை மூடிவிட்டால் பேச்சு தானாகச் சீராகிவிடாது. பொதுவாக 9 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் செய்யும் அறுவையை எட்டு வயதில் செய்தால், மூக்கால் பேசிப் பழகிய நாக்குக்குப் பேச்சுப் பயிற்சி கட்டாயம் தேவை. அதை உள்ளூர் மொழியில்தான் கற்றுத்தர முடியும் என்பதால், வெளியிலிருந்து வரும் குழு எவ்வளவு திறமையானதானாலும் இந்த வேலைக்கு ஆகாது.

எந்தக் குழந்தையை மேசையில் ஏற்றக் கூடாது என்று தீர்மானிப்பதுதான் இதில் கடினமானது. உதட்டுப் பிளவுக்கு மருத்துவர்கள் பழைய பத்து கணக்கு ஒன்றைச் சொல்வார்கள்: 10 வாரம், 10 பவுண்டு எடை (சுமார் 4.5 கிலோ), ஹீமோகுளோபின் 10. அண்ணம் பிளந்த சிசுவால் உறிஞ்ச முடியாது. அதனால் எடை ஏறாமல் துவண்டிருக்கும். அதற்கு அன்று தேவை கத்தியல்ல, பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலைக் கிண்ணத்தாலோ கரண்டியாலோ புகட்டக் கற்றுத்தரும் ஒரு நர்ஸ். சளியும் இருமலுமாக வந்த குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்தால் குரல்வளை இறுகி மூச்சு நின்றுவிடும் அபாயம் கூடுகிறது. 'இரண்டு நாள் நடந்து வந்திருக்கிறார்களே' என்ற இரக்கத்தில் அந்தக் குழந்தையைப் பட்டியலில் சேர்ப்பது இரக்கமே அல்ல.

மயக்க மருந்துக்கு முன் குழந்தை எவ்வளவு நேரம் பட்டினி இருக்க வேண்டும் என்ற கணக்கிலும் இதே குழப்பம். திட உணவும் பாலும் 6 மணி நேரம், தாய்ப்பால் 4, தண்ணீர் 2 என்பது பொதுவான விதி. மொழிபெயர்ப்பாளர் வழியாக 'ஒன்றும் கொடுக்காதீர்கள்' என்று மட்டும் சொன்னால், ஒரு வீட்டில் முந்தின இரவிலிருந்தே குழந்தையைக் காயப்போடுவார்கள். இன்னொரு வீட்டில் அழுகை பொறுக்காமல் பாட்டி ஒரு வாய் கஞ்சி ஊட்டிவிடுவார். எந்த நேரத்துக்குப் பிறகு எது கூடாது என்று படம் வரைந்து கொடுத்துவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 அம்சங்கள்தான். எட்டு நாடுகளில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8ஆகக் குறைந்தது. முகாமில் அதே பட்டியலைப் புரியாத மொழியில் வேகமாக வாசிக்க, உள்ளூர் நர்ஸ் மரியாதைக்காகத் தலையாட்டினால் அது வெறும் சடங்கு. குழந்தையின் பெயரையும் எந்தப் பக்கம் அறுவை என்பதையும் உள்ளூர் ஊழியர் தன் மொழியில் உரக்கச் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள்.

திருப்பி அனுப்பப்படுபவர்கள்

உதட்டுப் பிளவுக்கு அறுவை செய்யும் 'ஆபரேஷன் ஸ்மைல்' 1982இல் பிலிப்பைன்ஸின் நாகா நகரில் நடந்த ஒரு பயணத்திலிருந்து பிறந்த அமைப்பு. அந்தப் பயணத்தில் சிகிச்சை பெற்றவர்களைவிடத் திரும்பிப் போனவர்களே அதிகம். இன்றும் வானொலியில் அறிவித்துவிட்டு, வந்து குவியும் கூட்டத்தில் பாதியை வெறுங்கையோடு அனுப்பும் முகாம்கள் நடக்கின்றன. உள்ளூர் சுகாதார ஊழியரை வைத்து முன்கூட்டியே பரிசோதித்து, தகுதியானவர்களை மட்டும் வரச்சொன்னால் இது பெரும்பாலும் தீரும். எடுக்க முடியாதவர்களுக்கு, எங்கே, எப்போது மறுபடி வரவேண்டும் என்று எழுதிய சீட்டாவது வேண்டும்.

சாமான்கள், ஊசிகள், அனுமதி

ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கலாம் என்பதை முடிவுசெய்ய வேண்டியது வரிசையின் நீளமல்ல, கையில் இருக்கும் கருவி செட்டுகளின் எண்ணிக்கையும், நீராவியால் அவற்றின் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரமும்தான். வெந்நீரில் கொதிக்கவைத்தால் போதும் என்பது ஆபத்தான சமாதானம். சில கிருமிகளின் வித்துகள் அதில் சாவதில்லை. பயன்படுத்திய ஊசிகள் எங்கே போகும் என்பதையும் முதல் நாளுக்கு முன்பே கேளுங்கள். குப்பை மேட்டுக்கு என்றால், அங்கே விளையாடுவதும் குழந்தைகள்தான்.

ஏதோ ஒரு மருத்துவமனை கழித்துக்கட்டிய 110 வோல்ட் இயந்திரத்தை 230 வோல்ட் ஓடும் நாட்டில் இறக்கிவிட்டு வருவதும், காலாவதியாகப்போகும் மருந்தைப் பெட்டி பெட்டியாக அனுப்புவதும் தானமாகாது. நன்கொடை மருந்து போய்ச்சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே இருக்கிறது.

மாணவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சொந்த நாட்டில் தனியாகச் செய்ய அனுமதியில்லாத ஒன்றை வெளிநாட்டுக் குழந்தையின் மேல் செய்து பழகுவது முறையல்ல, யார் அழைத்துப் போனாலும் சரி. மருத்துவரானாலும் அந்த நாட்டின் மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்கிக்கொண்டுதான் கத்தியைத் தொட வேண்டும். புகைப்படத்துக்கான சம்மதத்தைச் சிகிச்சைக்கான சம்மதத்தோடு சேர்த்து வாங்காதீர்கள். குழந்தை மேசையில் ஏறக் காத்திருக்கும் அம்மா எதற்கும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.

போகவே வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டால் பலருக்குக் கோபம் வரும். 1969இல் 'இன்டர்பிளாஸ்ட்' என்ற பெயரில் வெளிநாட்டு அறுவைப் பயணங்களைத் தொடங்கிய அமைப்பே, பின்னாளில் 'ரீசர்ஜ்' என்று பெயர் மாற்றி, உள்ளூர் அறுவை நிபுணர்களைப் பயிற்றுவிப்பதை முதன்மையாக்கிக்கொண்டது. 1999இல் தொடங்கிய 'ஸ்மைல் டிரெய்ன்' என்ற உதட்டுப் பிளவு உதவி அமைப்பு உள்ளூர் மருத்துவர்களுக்குப் பணமும் பயிற்சியும் தரும் வழியைப் பிடித்தது. ஒரு குழுவின் விமானக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்தால் அங்கே எத்தனை அறுவைகள் நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே அந்தத் திறமை இல்லாத இடத்துக்குப் போகத்தான் வேண்டும். போனால் ஒவ்வொரு கேஸிலும் உள்ளூர் மருத்துவர் ஒருவர் கூட நிற்க வேண்டும், அடுத்த ஆண்டு அவர் செய்ய நீங்கள் கூட நிற்க வேண்டும்.

கிளம்பும் நாளில் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பிரதி சிகிச்சைக் குறிப்பு எழுதுங்கள், உள்ளூர் மொழியில். என்ன செய்தோம், என்ன மருந்து கொடுத்தோம், காய்ச்சலோ ரத்தமோ வந்தால் எந்த மருத்துவமனையில் யாரைக் கேட்க வேண்டும். ஒன்று அம்மாவிடம், ஒன்று அந்த மருத்துவமனையின் பதிவேட்டில்.