புதுப்பித்த பழைய வீடு வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

அமெரிக்கா போன்ற நாடுகளில் 1950, 60-களில் கட்டிய வீடுகள் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. தாழ்ந்து நீண்ட கூரை, நன்றாக வெளியே நீட்டிய இறவாரம், தரையிலிருந்து உத்தரம் வரை கண்ணாடி, அதற்கு அந்தப்பக்கம் மரங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து, ஏராளமான பேருக்குச் சீக்கிரமாக வீடு தேவைப்பட்ட காலம் அது. சுவர்களைக் குறைத்து வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். அப்படி ஒரு வீடு, புதிதாகச் செப்பனிட்டு, நிழல் நிறைந்த தெருவில் விற்பனைக்கு வந்தால் மனசு உடனே போய் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில்தான் தவறுகள் ஆரம்பமாகின்றன.

‘புதுப்பித்தது’ என்ற சொல்லை ‘புதியது’ என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாவற்றுக்கும் தாய்த்தவறு. விற்பதற்காகப் புதுப்பிக்கிறவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் முதலில் காசு போடுவார்: சமையலறை, குளியலறை, தரை, பெயின்ட். வாங்க வருகிறவர்கள் பார்ப்பதும் அதைத்தானே. ஆனால் அறுபது எழுபது வயதான வீட்டில் முதலில் ஓய்ந்துபோவது வயரிங், தண்ணீர்க் குழாய், கூரையின் நீர்த்தடுப்பு, மண்ணுக்குள் கிடக்கும் கழிவுநீர்ப் பாதை. அதனால் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது “என்னென்ன புதுசு?” என்று கேட்காதீர்கள். “எதையெல்லாம் தொடவில்லை?” என்று கேளுங்கள். பதில் வருகிற விதமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

நான் இதைக் கேட்காமல் வாங்கினேன். சுவிட்சுகள் எல்லாம் புத்தம் புதியவை, மூன்று துளை சாக்கெட்டுகள். குடிவந்த இரண்டாம் மாதம் எலெக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு ஒரு சாக்கெட்டைக் கழற்றினார். டார்ச் அடித்து, “இங்கே பாருங்க” என்றார். உள்ளே துணி சுற்றிய பழைய வயர். ஸ்க்ரூடிரைவர் நுனி பட்டதும் அதன் ரப்பர் உறை பொடியாக உதிர்ந்தது. மூன்றாவது துளைக்குப் பின்னால் எதுவுமே இல்லை. எர்த் இருப்பது போல ஒரு தோற்றம், அவ்வளவுதான். வாங்குவதற்கு முன்பே மெயின் போர்டையும் நாலைந்து சாக்கெட்டையும் கழற்றிப் பார்த்திருந்தால் அரை மணி நேர வேலை. 1960-களின் பிற்பகுதியில் செம்பு விலை ஏறியபோது அமெரிக்காவிலும் கனடாவிலும் பல வீடுகளுக்கு அலுமினிய வயர் இழுத்தார்கள். அது இணைப்புகளில் தளர்ந்து சூடேறும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. அந்தக் காலத்து வீடென்றால் வயர் செம்பா அலுமினியமா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர்க் குழாய்க்குச் சுலபமான சோதனை இருக்கிறது. ஷவரைத் திறந்துவிட்டு, சமையலறைக் குழாயையும் திறங்கள். தண்ணீர் நூலாக இளைத்தால், சுவருக்குள் பழைய ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், இருக்கலாம். அது உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து, துளை அடைத்துக்கொண்டே வரும். வெளியே தெரியும் துண்டில் காந்தம் வைத்துப் பாருங்கள். இரும்பில் ஒட்டும், செம்பிலும் ஈயத்திலும் ஒட்டாது. காந்தமும் ஒட்டாமல், சுரண்டினால் மெத்தென்று வெள்ளிபோல் மின்னினால் அது ஈயக் குழாய். ஈயம் தண்ணீரில் கலக்கும், அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

மரங்கள் கொடுப்பதும் கேட்பதும்

இந்த வீடுகளின் அழகே மரங்கள்தான் என்பதால், அவற்றைப் படத்தில் இருக்கிற பின்னணியாக மட்டும் பார்த்துவிடுகிறோம். மண்ணுக்கு அடியில் நடப்பது வேறு. அந்தக் காலத்துக் கழிவுநீர்ப் பாதை பல இடங்களில் சுட்ட மண் குழாய். குட்டையான துண்டுகள், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மூட்டு. காலப்போக்கில் மூட்டு கசியும். அந்த ஈரத்தைத் தேடி வேர் முதலில் மயிரிழை போல நுழையும், உள்ளே போனதும் தடிக்கும். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும்போது திரையில் தெரிவதை ஒருமுறை பார்த்தால் மறக்கவே மாட்டீர்கள்: இருட்டில் ஈரமான தலைமுடிக் கற்றை வழியை மறித்துக்கொண்டு தொங்குவது போல இருக்கும். குளியலறையில் எவ்வளவு நல்ல டைல்ஸ் ஒட்டியிருந்தாலும் தண்ணீர் போக வேண்டியது அந்த வழியாகத்தான். கேமரா சோதனை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

களிமண் நிலமாக இருந்தால் இன்னொரு சிக்கல். வறண்ட காலத்தில் பெரிய மரம் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கி, அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கும். செங்கல் சுவரில் படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசலும், சட்டத்தில் உரசும் கதவும் அதன் அடையாளம். புது பெயின்ட் இதை மறைக்கும், ஆனால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடித்தால் பூசி மெழுகிய கோடு நிழலாகத் தெரிந்துவிடும். “அப்போ மரத்தை வெட்டிவிட்டால் சரி” என்று நினைப்பது அடுத்த தவறு. மரம் போனால் மண் மறுபடி ஈரம் கட்டி உப்பும், வீட்டைத் தூக்கும். தவிர, பல நகரங்களில் அனுமதி இல்லாமல் பெரிய மரத்தை வெட்ட முடியாது. முதலில் கட்டுமானப் பொறியாளரையும் மரங்களைப் பற்றித் தெரிந்தவரையும் சேர்த்துக் கேளுங்கள்.

கூரை தட்டையாகவோ லேசான சரிவாகவோ இருப்பதால் உதிரும் இலைகள் வடிகாலை அடைக்கும், தண்ணீர் தேங்கும். முடிந்தால் மழை பெய்யும்போதே ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சுவரைக் காணோம்

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவரை எடுத்துவிட்டு ‘விசாலம்’ என்று காட்டுவார்கள். தூணும் உத்தரமுமாகக் கட்டிய வீட்டில் உள்சுவர் பல நேரம் பாரம் தாங்காது, எடுக்கலாம். மற்ற வீடுகளில் அந்த நடுச்சுவர்தான் கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாக என்ன உத்தரம் வைத்தார்கள், எந்தப் பொறியாளர் கணக்குப் போட்டார், அனுமதி வாங்கினார்களா என்று மூன்றையும் காகிதத்தில் கேளுங்கள். அனுமதி விவரத்தை உள்ளாட்சி அலுவலகத்தில் நீங்களே போய்ச் சரிபாருங்கள். அனுமதி இல்லாத வேலை, வாங்கிய பிறகு உங்கள் தலையில்தான் விழும்.

ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கனிம இழை விஷயத்தில் இரண்டு விதமாகவும் தவறுகிறார்கள். சிலர் பதறி ஓடுகிறார்கள், சிலர் கண்டுகொள்வதே இல்லை. அந்தக் கால வினைல் தரை ஓடுகள், அதற்கடியில் தடவிய கறுப்புப் பசை, குழாய் மீது சுற்றிய உறை, சிமென்ட் பலகை இவற்றிலெல்லாம் அது இருக்கலாம். உடையாமல் அப்படியே இருக்கும்போது ஆபத்து குறைவு. அறுத்தால், தேய்த்தால், துளையிட்டால்தான் இழை காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகும். ஆக, புதுப்பித்த வீட்டில் கேட்க வேண்டியது: பழைய தரையை எடுத்தது யார், எப்படி? சந்தேகம் இருந்தால் நீங்களே சுரண்டிப் பார்க்காமல் பயிற்சி பெற்றவரை வைத்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருப்பதும் இப்படித்தான். அமெரிக்காவில் 1978-ல்தான் வீட்டு பெயின்டில் ஈயத்தைத் தடை செய்தார்கள். பழைய பெயின்டைத் தேய்த்த தூசி ஜன்னல் விளிம்பிலும் தோட்ட மண்ணிலும் தங்கும். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

பெரிய கண்ணாடிகளின் மூலையையும் கொஞ்சம் குனிந்து பாருங்கள். டஃபன்டு கிளாஸ், அதாவது உடைந்தால் சிறு மணிகளாக உதிரும் பலப்படுத்திய கண்ணாடி என்றால் சின்னதாக ஒரு முத்திரை பதிந்திருக்கும். எதுவும் இல்லையென்றால் சாதாரணக் கண்ணாடியாக இருக்கலாம், உடைந்தால் கத்தி கத்தியாகச் சிதறும்.

அப்புறம், வாங்கியவர்கள் செய்கிற தவறு: குடிவந்த வேகத்தில் மிச்சமிருக்கும் பழையதையும் பெயர்த்துப் போடுவது. நீண்ட இறவாரம் உச்சி வெயிலைத் தடுத்து, சாய்ந்த குளிர்கால வெயிலை மட்டும் உள்ளே விடுவதற்காக அளந்து வைத்தது. உயரத்தில் இருக்கும் சிறு ஜன்னல் சூடான காற்று வெளியேறுவதற்காகவும் வைத்திருப்பார்கள். ஒரு வருடம் எல்லாப் பருவத்தையும் அந்த வீட்டில் வாழ்ந்து பார்த்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

என் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கப் பலகை. விற்பதற்கு முன் அதில் வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள். இடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஈயம் இல்லை என்று ஆய்வகம் சொன்ன பிறகு, ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு பெயின்டை எடுத்துப் பார்த்தேன். அடியில் தேன் நிறத்தில் மரம், பலகைக்குப் பலகை ரேகை விட்டுப்போகாமல் ஓடியது. மீதியையும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.