அதிபரின் மதநம்பிக்கையும் வெளியுறவுக் கொள்கையும்: எடைபோடும்போது நேரும் தவறுகள்

அமெரிக்க அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டர் தேவாலய ஞாயிறு பள்ளியில் பைபிள் பாடம் நடத்தியவர், அதனால்தான் அமெரிக்க வெளியுறவில் மனித உரிமைக்கு முதலிடம் கொடுத்தார் என்று எழுதிவிடுகிறார்கள். இதில் பாதிதான் உண்மை. அவர் 1977 ஜனவரியில் பதவியேற்கும் முன்பே, 1975, 1976 ஆண்டுகளில், உரிமைகளை மிதிக்கும் அரசுகளுக்கு உதவியைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. எனவே முதலில் காலவரிசையைப் போட்டுப் பாருங்கள்.

அதிபர் சார்ந்த கிறிஸ்தவ சபையின் பெயரை வைத்துக் கொள்கையை ஊகிப்பதும் தவறு. கார்ட்டர் தெற்கத்திய பாப்டிஸ்ட் என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். ஆனாலும் 1980இல் பழமைவாத பாப்டிஸ்ட் தலைவர்கள் பலர் தேர்தலில் அவரை எதிர்த்த ரீகன் பக்கம் நின்றார்கள்.

பெரிய தவறு, நம்பிக்கையை மட்டும் பார்த்துவிட்டு மற்ற பின்னணியை விட்டுவிடுவது. 1978 செப்டம்பர் 5 முதல் 17 வரை நடந்த கேம்ப் டேவிட் பேச்சுவார்த்தையே இதற்குச் சான்று. தொடக்கத்திலேயே கார்ட்டர், இஸ்ரேல் பிரதமர் பெகின், எகிப்து அதிபர் சதாத் மூவரும் அமைதிக்காக ஜெபிக்கும்படி கூட்டறிக்கை விட்டார்கள். ஆனால் முதல் சில நாட்களிலேயே பெகினும் சதாத்தும் கடுமையாக மோதிக்கொண்டார்கள். அதன்பின் கைகொடுத்தது, கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்தில் பழகிய பொறியாளராகக் கார்ட்டருக்கு இருந்த பொறுமை. அமெரிக்கத் தரப்பு ஒரே வரைவை எழுதியது. கார்ட்டர் அதை இருவரிடமும் தனித்தனியே கொண்டுபோய், ஆட்சேபம் வந்த வரிகளைத் திருத்தி மறுபடி காட்டினார். இப்படி இருபது தடவைக்கு மேல் அந்த வரைவு மாறியது. கடைசி நாளில் பெகினின் பேரக்குழந்தைகள் பெயரை எழுதிக் கையெழுத்திட்ட புகைப்படங்களைக் கார்ட்டர் கொடுத்தது பெகினின் மனதைத் தொட்டது. ஆனால் எகிப்தின் சினாயில் இஸ்ரேல் கைவிடும் விமானத் தளங்களுக்கு ஈடாக, இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் இரண்டு தளங்கள் கட்ட அமெரிக்கா உதவ முன்வந்ததும் கணக்கில் வரவேண்டும்.

பேச்சை மட்டும் நம்பாமல் பணம் போன வழியைப் பாருங்கள். 1977 பிப்ரவரியில் அர்ஜென்டினா, உருகுவே, எத்தியோப்பியாவுக்கான உதவி குறைக்கப்பட்டது. தென்கொரியா தப்பியது, வடகொரிய எல்லையின் பாதுகாப்புதான் காரணம். அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று தெஹ்ரான் விருந்தில், அடக்குமுறை ஆட்சி நடத்திய ஈரான் மன்னர் ஷாவைக் கார்ட்டர் மனம்திறந்து புகழ்ந்தார். நம்பிக்கை எந்த இடத்தில் விட்டுக்கொடுத்தது என்பதை இத்தகைய விதிவிலக்குகளே காட்டும்.

பதவிக்காலம் முடிந்தபின் அதிபர்கள் எழுதும் நினைவுக்குறிப்புகளை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள், காரணங்கள் பின்னாளில் சீராகிவிடும். வெளியுறவுத் துறை வெளியிடும் ஆவணத் தொகுப்பில் அதே வாரத்துக் குறிப்பாணையையும், அட்லாண்டா கார்ட்டர் நூலகத்தில் உள்ள அன்றாடப் பதிவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.