அமிடினை அடையாளம் காண்பதும், ஈரம் படாமல் செய்வதும்

மூலக்கூறைப் பார்த்ததும் ஒரே கார்பனில் இரண்டு நைட்ரஜன் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்று இரட்டைப் பிணைப்பிலும் மற்றது ஒற்றைப் பிணைப்பிலும் இருந்து, கார்பனின் மிச்சமுள்ள கையில் (பிணைப்பில்) ஹைட்ரஜனோ இன்னொரு கார்பனோ இருந்தால் அது அமிடின். அந்தக் கையிலும் நைட்ரஜன் என்றால் குவானிடின், அதை அமிடின் என்று எழுதிவிட்டு வந்து வருத்தப்பட வேண்டாம்.

அடுத்து புரோட்டான் எங்கே ஏறும் என்று பாருங்கள். ஒற்றைப் பிணைப்பு நைட்ரஜனில்தான் ஏறும் என்று கை தானாகப் போகும், ஆனால் ஏறுவது இரட்டைப் பிணைப்பு நைட்ரஜனில். அப்படி ஏறினால்தான் நேர்மின்சுமையை இரண்டு நைட்ரஜனும், ஒரே அண்டாவை ரெண்டு பேர் பிடித்துத் தூக்குகிற மாதிரி, சமமாகப் பகிர்ந்துகொள்ள முடியும். அசிட்டமிடினின் இணை அமிலத்துக்கு (புரோட்டான் ஏறிய வடிவத்துக்கு) பிகேஏ 12-க்குக் கொஞ்சம் மேலே, அமைடுக்கோ (இரட்டைப் பிணைப்பு நைட்ரஜன் இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் உள்ளது) அது பூஜ்யத்தின் பக்கம்; இந்த எண் ஏற ஏறக் காரம் வலுவானது. டிபியு (DBU) என்ற காரத்தைப் பாட்டிலில் வாங்கி நீக்க வினைக்கு (மூலக்கூறிலிருந்து சில அணுக்களைக் கழற்றி இரட்டைப் பிணைப்பு உண்டாக்க) ஊற்றுகிறோமே, அதுவும் இரட்டை வளைய அமிடின்தான்.

சரி, செய்வது எப்படி? 1877-இல் வந்த பின்னெர் வினைதான் இன்றைக்கும் முதலில் எடுக்கிற வழி. நைட்ரைலை (கார்பனும் நைட்ரஜனும் மும்மைப் பிணைப்பில் உள்ள சேர்மம்) உலர்ந்த எத்தனாலில் கரைத்து, பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, உலர்ந்த ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைச் செலுத்தினால் இமிடேட் (நைட்ரைல் கார்பனில் எத்தனால் சேர்ந்த இடைப்பொருள்) ஹைட்ரோகுளோரைடு உப்பாகக் கிடைக்கும். அப்புறம் அதில் அம்மோனியா கலந்த எத்தனாலைச் சேர்த்தால் அமிடின் ஹைட்ரோகுளோரைடு. வாயு உருளையோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்றால் குளிர்ந்த எத்தனாலில் அசிட்டைல் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தை அங்கேயே உண்டாக்கிக்கொள்ளலாம். எது செய்தாலும் ஃபியூம் ஹூட்டுக்குள் (புகை உறிஞ்சும் பெட்டிக்குள்), வழிகாட்டி பக்கத்தில் இருக்கும்போதுதான்.

கெடுப்பது ஈரம். தென்காசிப் பக்கம் ஆனி ஆடிச் சாரலிலும், நெல்வேலியில் ஐப்பசி கார்த்திகை மழையிலும் ஆய்வகக் காற்றே நனைந்து கிடக்கும், அந்த நேரத்தில் குடுவை வாயைத் திறந்து வைத்தால் இமிடேட் தண்ணீரோடு சேர்ந்து எஸ்ட்டராகவும் அம்மோனியம் குளோரைடாகவும் போய்விடும், நீங்கள் வெள்ளை உப்பைப் பார்த்து அமிடின் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவீர்கள். கண்ணாடிச் சாமான்களைச் சூட்டடுப்பில் காயவைத்து, எத்தனாலை மாலிக்குலர் சீவ் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) போட்டு வைத்து, குடுவை வாய்க்கு ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு குழாய் மாட்டுங்கள். அவசரம் என்று சூடேற்றவும் கூடாது, சூட்டில் இமிடேட் உப்பு அமைடாகவும் ஆல்கைல் குளோரைடாகவும் உடையும்.

ஆர்த்தோ இடத்தில் (வளையத்தில் நைட்ரைலுக்கு அடுத்த கார்பனில்) ஏதாவது தொகுதி இருக்கிற பென்சோநைட்ரைலுக்கு இந்த வழியை நம்பாதீர்கள், இட நெருக்கடியில் ஆல்கஹால் உள்ளே போகாது. ஹைட்ராக்சிலமினோடு சேர்த்து அமிடாக்சிமாக்கி (நைட்ரஜனில் OH ஏறிய அமிடின்), அதை ஒடுக்கி அமிடினாக்குவது நல்லது.

அம்மோனியா சேர்க்கும் முன் கொஞ்சம் எடுத்து ஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) போடுங்கள். 2230 செ.மீ⁻¹ பக்கத்தில் நைட்ரைல் முகடு இன்னும் நின்றால் முதல் படியே முடியவில்லை, குடுவையை மூடிவிட்டுக் காத்திருங்கள். கிடைத்த பொருளை உப்பாகவே வைத்திருங்கள், தனிக் காரமாக்கினால் ஈரத்தில் அமைடாகவும் அம்மோனியாவாகவும் மெல்லப் பிரிந்துவிடும். தேவைப்படுகிற அன்றைக்கு மட்டும் காரமாக்கிக்கொள்ளலாம்.