வரிக்குதிரை முகத்தை நெருக்கத்தில் எடுக்க

வரிக்குதிரையின் கண்ணும் கருமை, சுற்றியுள்ள மயிரும் கருமை. அதனால் ஆட்டோஃபோகஸ் பளிச்சென்ற கன்னத்து வரிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸை நேராகக் கண்மேல் வையுங்கள். இமைமயிர் தனித்தனியாகத் தெரிந்தால் சரி. கண்ணில் ஓர் ஒளிப்பொட்டு விழும்வரை காத்திருங்கள். அது இல்லாவிட்டால் அங்கே வெறும் குழிதான் தெரியும்.

400 முதல் 600 மி.மீ. லென்ஸ், 1/1000 விநாடி, எஃப் 8 (லென்ஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறையும்). எஃப் 4 வைத்தால் கண் கூர்மையாக வரும், மூக்கு மங்கிவிடும். நண்பகல் வேண்டாம், தரையிலிருந்து எழும் வெப்ப அலை எந்த உயர்ந்த லென்ஸையும் தோற்கடித்துவிடும்.

முழு முகமும் அடங்க வேண்டியதில்லை. கண், பிடரியின் விளிம்பு, கழுத்து வரிகள் போதும். காதைப் பாதியில் மட்டும் வெட்டாதீர்கள்.

வெயிலில் வெள்ளை வரி வெளுத்துப்போனால் பிறகு மீட்க முடியாது. ரா கோப்பில் (கேமரா பதிந்த தகவலைப் பதப்படுத்தாமல் வைக்கும் கோப்பு), எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் ஒளியளவை, 0.3 முதல் 0.7 ஸ்டாப் குறைத்து எடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்).

கணினியில் முதல் வேலை ஹைலைட்டை, அதாவது படத்தின் மிக வெளிச்சமான பகுதிகளை, இறக்குவது. 100 சதவீதம் பெரிதாக்கி, வெள்ளை வரிக்குள் மயிர் தெரிகிறதா என்று பாருங்கள். கிளாரிட்டியில் (நடுத்தர வெளிச்சப் பகுதிகளின் வேறுபாட்டைக் கூட்டும் கருவி) கை தாராளமாகப் போனால் கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் ஓரத்தில் ஒளிக்கோடு முளைக்கும். ஷார்ப்பனிங்கும் (விளிம்புகளைக் கூர்மையாக்குவது) அப்படித்தான், அதைக் கண், மூக்கு, இமையோடு மாஸ்க் போட்டு (மற்ற இடங்களை மறைத்து) நிறுத்துங்கள். வெள்ளையில் படிந்த புழுதிப் பழுப்பை முழுக்கத் துடைத்தால் விலங்குக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும். கிரேவி என்ற வரிக்குதிரை இனத்தின் மெல்லிய வரிகள் படத்தைச் சிறிதாக்கும்போது மோரே எனப்படும் போலி அலைகளாக நெளியலாம். சிறிதாக்கியபின் ஷார்ப்பனிங்கைக் குறையுங்கள்.